கீபோர்டா, கிட்டாரா, வயலினா, புல்லாங்குழலா?

“ஏதாவது ஒரு வாத்தியம் கற்றுக்கொள்ள வேண்டும், எதில் ஆரம்பிக்கலாம்?” என்று கேட்பவர்கள் பலரும் பாதி முடிவோடுதான் வருகிறார்கள். கீபோர்டா கிட்டாரா என்று ஒருவர் அலைபாய்வார். வயலின்மீது ஆசை, ஆனால் நாற்பது தாண்டிவிட்டதே என்று ஒருவர் தயங்குவார். புல்லாங்குழல்தானே, ஒரு மூங்கிலும் சில துளையும், சுலபமாகத்தான் இருக்கும் என்று இன்னொருவர் நினைத்துக்கொண்டிருப்பார். அவரைக் கடைசியில் கவனிப்போம்.

நான் கீபோர்டில் தொடங்கி, மூன்று வருடம் கழித்து வயலினுக்கு வந்தவன். நடுவில் ஒரு கிட்டார் வாங்கி, எஃப் கார்டு என்ற கடினமான விரல் பிடியில் முட்டிக்கொண்டு, அதைச் சுவரில் மாட்டிவிட்டேன். புல்லாங்குழல் மட்டும் என் கைக்கு வரவில்லை. தம்பி வாசிப்பதைப் பக்கத்து அறையிலிருந்து ஆறு வருடம் கேட்டிருக்கிறேன். என்னைக் கேட்டால், இந்த நான்கையும் பிரிப்பது ஒரே ஒரு விஷயம்: சுருதியை வாத்தியம் பிடித்துத் தருகிறதா, நீங்கள் பிடிக்க வேண்டுமா? மற்ற வசதிகளும் தொல்லைகளும் பெரும்பாலும் இதன் வால் பிடித்து வருபவைதான்.

## முதலில் சில சொற்கள்

இவை தெரியாமல் ஒப்பிட முடியாது. தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.

சுருதி என்பது பாட்டு நிற்கும் அடித்தளம், அதாவது உங்கள் ‘ஸ’ எங்கே இருக்கிறது என்பது. பாடகர்கள் “எனக்கு ஐந்து கட்டை”, “நாலரைக் கட்டை” என்கிறார்களே, அது ஆர்மோனியத்திலிருந்து வந்த கணக்கு. சி என்ற வெள்ளைக் கட்டை 1, டி 2, ஈ 3, எஃப் 4, ஜி 5 என்று போகும். நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டைதான் ‘அரை’. ஆக நாலரை என்பது எஃப்புக்கும் ஜிக்கும் நடுவே இருக்கும் கறுப்பு. ஒவ்வொரு ஸ்வரமும் தன் சரியான இடத்தில் நிற்பதையும் சுருதி என்றே சொல்வோம்.

ஒரு ‘ஸ’விலிருந்து அடுத்த ‘ஸ’ வரை ஒரு ஸ்தாயி. ஸ்தாயி ஒன்று ஏறினால் அதிர்வெண் இரண்டு மடங்காகும். ஏ என்ற ஸ்வரம் 440 ஹெர்ட்ஸ் என்றால் அடுத்த ஏ 880. இந்த இடைவெளியைப் பன்னிரண்டு படிகளாகப் பிரித்தால் ஒவ்வொரு படியும் ஓர் அரை ஸ்வரம்.

கார்டு என்பது மூன்றோ அதற்கு மேலோ ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது. ஸ, அதற்கு நான்கு படி மேலே இருக்கும் அந்தர காந்தாரம், ஏழு படி மேலே இருக்கும் பஞ்சமம் மூன்றையும் ஒன்றாக அடித்தால் மேஜர் கார்டு. காந்தாரத்தை மட்டும் ஒரு படி இறக்கிச் சாதாரண காந்தாரமாக்கினால் மைனர். ஒரே ஒரு கட்டை நகர்கிறது, அறையின் மனநிலையே மாறிவிடுகிறது.

கமகம் என்பது ஸ்வரத்தை அசைப்பது, வழுக்குவது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துச் செல்வது. கர்நாடக இசையில் இது அலங்காரமெல்லாம் இல்லை, ராகத்தின் உடம்பே இதுதான். தோடி ராகத்தின் காந்தாரத்தை அசைக்காமல் நேராக ஒலித்தால் அது தோடியாகவே கேட்காது.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, உங்களுக்குப் பிடித்த இசை ராகத்தில் ஓடுகிறதா, கார்டில் நிற்கிறதா என்பது. கர்நாடக, இந்துஸ்தானி இசை ஒற்றை வரியாகப் போவது. அந்த வரியின் வளைவுகளில்தான் எல்லாமே. பாப், ராக், ப்ளூஸ் எல்லாம் கார்டுகளின் மேல் கட்டியவை. அடிப்படை ப்ளூஸ் என்பது பன்னிரண்டு பார் (தாளக் கட்டம்), மூன்று கார்டு. மெல்லிசை இரண்டிலும் கால் வைத்திருக்கும்.

இரண்டாவது, மேலே சொன்ன சுருதிப் பொறுப்பு. மூன்றாவது, அடையாளம் தெரிகிற மாதிரி ஒரு பாட்டு வாசிக்க எவ்வளவு காலம் ஆகும். நான்காவது, உடம்பு என்ன விலை கொடுக்கும். ஐந்தாவது, கூட இருப்பவர்கள் என்ன விலை கொடுப்பார்கள். ஆறாவது, வாங்கிய பிறகு தலைகாட்டும் செலவுகள்.

| | கீபோர்டு | கிட்டார் | வயலின் | புல்லாங்குழல் |
|---|---|---|---|---|
| சுருதி யார் பொறுப்பு | முழுக்க வாத்தியம் | மெட்டுகள் (விரல் பலகையில் பதித்த கம்பிகள்). தந்தி முறுக்குவது நீங்கள் | முழுக்க நீங்கள் | பாதிப் பாதி |
| கார்டு | தாராளமாக | தாராளமாக | இரண்டிரண்டு தந்தியாக | இல்லை |
| கமகம் | மிகக் குறைவு | ஓரளவு | எல்லாம் | எல்லாம், உழைத்தால் |
| முதல் பாட்டு | ஒரு வாரம் | ஒன்றிரண்டு மாதம் | ஆறு மாதம் | இரண்டு மூன்று மாதம் |
| சத்தம் | ஹெட்ஃபோன் போதும் | பொறுத்துக்கொள்ளலாம் | முதல் வருடம் சோதனை | மேல் ஸ்தாயி துளைக்கும் |
| தொடர்செலவு | மேம்படுத்துதல் | தந்திகள் | வில், தந்தி, அளவு மாற்றம் | சுருதிக்கு ஒரு குழல் |

கால அளவுகள் தினமும் அரை மணி நேரம் உட்காருபவருக்கான என் கணிப்பு. வாரம் ஒருநாள் வகுப்புக்கு முந்தைய இரவு மட்டும் தொடுபவருக்கு எந்தக் கணக்கும் செல்லாது.

## கீபோர்டு

கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வரும். சரியான சுருதியில் வரும், யார் அழுத்தினாலும் வரும், பூனை நடந்தாலும் வரும். அதனால்தான் முதல் வாரத்திலேயே ஒரு பாட்டை வாசித்துவிட முடிகிறது. இன்னொரு பெரிய லாபம், இசையின் வரைபடம் கண்முன்னே கிடக்கிறது. எது ஏறுவது, எது இறங்குவது, அரை ஸ்வரம் எவ்வளவு தூரம் என்பதெல்லாம் கண்ணுக்கே தெரியும். பிறகு எந்த வாத்தியத்துக்குப் போனாலும் இந்தப் படம் மனதில் இருக்கும். வயலினில் விரல் வைக்கும்போது இன்னும் எனக்குக் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரிகிறது.

இப்போது பிரச்சினைகள். வசதிக்காகப் பன்னிரண்டு படிகளையும் சமமாக வெட்டிவைத்திருக்கிறார்கள். அரை ஸ்வரத்தை நூறு பங்காகப் பிரித்துப் பார்த்தால், தம்பூராவின் நாதத்தோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும் அந்தர காந்தாரத்தைவிடக் கீபோர்டின் காந்தாரம் சுமார் 14 பங்கு மேலே நிற்கும். பஞ்சமம் 2 பங்குதான் குறைவு, காது மன்னித்துவிடும். காந்தாரத்தைத் தம்பூரா ஒலியோடு சேர்த்து நீட்டிப் பிடித்துப் பாருங்கள், ஒலி லேசாக நடுங்குவது கேட்கும். கார்டு இசைக்கு இது பொருட்டே இல்லை, அந்த இசையே இந்தச் சமரசத்தோடு வளர்ந்தது.

கமகம் அதைவிடப் பெரிய தடை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை, இதே மாதிரிக் கட்டைகள் கொண்ட ஆர்மோனியத்தை ஒலிபரப்பிலிருந்து விலக்கியே வைத்திருந்தது. ஸ்வரத்தை வளைக்க முடியாது என்பது அதன்மேல் இருந்த முக்கியமான குற்றச்சாட்டுகளில் ஒன்று. எலக்ட்ரானிக் கீபோர்டில் இடது ஓரத்தில் இருக்கும், ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் சக்கரத்தை உருட்டிக் கமகம் கொண்டுவரும் கலைஞர்கள் இருக்கிறார்கள். கேட்க அற்புதம், ஆனால் அது தொடக்கக்காரர் வேலை இல்லை. ப்ளூஸ் பியானோ வாசிப்பவர்களுக்கும் இதே தொல்லைதான். வளைக்க முடியாத ஸ்வரத்துக்குப் பதிலாகப் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து நசுக்கிச் சமாளிக்கிறார்கள்.

மறைமுகச் செலவுக்கு நானே சாட்சி. முதலில் வாங்கியது 49 சிறு கட்டைகள் கொண்டது, மெதுவாகத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம். ஆறு மாதத்தில் மாற்ற வேண்டியதாயிற்று. பியானோ என்ற பெயரே மென்மை, உரப்பு என்ற இரண்டு இத்தாலியச் சொற்களின் சுருக்கத்திலிருந்து வந்தது. 1700 வாக்கில் பியானோவை உருவாக்கிய இத்தாலியர் கிறிஸ்டோஃபோரி கொண்டுவந்த புதுமையே விரலின் வேகத்துக்கேற்ப ஒலி மாறுவதுதான். தொடுதலை உணராத கீபோர்டை வாங்குவது அவருக்கு முந்தைய காலத்துக்குப் போவது மாதிரி. குறைந்தது 61 முழு அளவுக் கட்டைகள், தொடுதல் உணர்வு, ஹெட்ஃபோன் துளை இந்த மூன்றும் வேண்டும். பியானோ இசைதான் இலக்கு என்றால் 88 கனமான கட்டைகள். அதைத் தூக்க இன்னொருவர் வேண்டியிருக்கும்.

அப்புறம், கீபோர்டின் மொத்தச் சுருதியையும் ஏற்றி இறக்கும் அந்த ட்ரான்ஸ்போஸ் பொத்தான். ஒரே ஒரு கட்டையை ‘ஸ’வாக வைத்து மட்டும் வாசிக்கப் பழகிவிட்டு, பாடுபவரின் சுருதிக்குப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தேன். ஒருநாள் நிஜப் பியானோ முன்னால் உட்கார வைத்து “நாலரையில் போங்க” என்றார்கள். பியானோவில் பொத்தான் இல்லை. மூன்று வருடப் பயிற்சி அந்த இடத்தில் மூன்று மாதமாகச் சுருங்கிவிட்டது.

## கிட்டார்

ஆறு தந்திகள், தாழ்ந்த ஒலியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. விரல் பலகையில் மெட்டுகள் பதித்திருப்பதால் விரல் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஸ்வரம் சரியாகவே வரும். தந்தியை முறுக்கிச் சேர்க்கும் வேலை மட்டும் உங்களுடையது; அதற்குச் சுருதி காட்டும் டியூனர் செயலி போதும், பத்து நாளில் பழகிவிடும்.

உடனே விலை கொடுப்பது இடது கை விரல் நுனி. ஸ்டீல் தந்தி என்றால் முதல் சில வாரம் காப்பிக் கோப்பையைத் தொட்டாலும் சுருக்கென்று இருக்கும். பிறகு தோல் தடித்துவிடும். இந்தக் கட்டத்தைத் தாண்டாமல் விட்டவர்கள் ஏராளம். நைலான் தந்தி கைக்கு மென்மை, ஆனால் அதன் கழுத்து அகலம். சிறிய கை உள்ளவர்கள் பிடித்துப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும்.

அடுத்த சுவர் எஃப் கார்டு. ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்து ஆறு தந்தியையும் முதல் மெட்டில் அழுத்த வேண்டும், அதே நேரம் மற்ற மூன்று விரல்களும் வேறு இடங்களில் நிற்க வேண்டும். ஆறில் இரண்டு தந்தி ‘டப்’ என்று செத்த ஒலி தரும். எது செத்தது என்று ஒவ்வொன்றாய் மீட்டிக் கண்டுபிடித்துச் சரிசெய்தால், வேறொன்று செத்துப்போகும். நான் அங்கேதான் நின்றுவிட்டேன். பல மாதம் கழித்து விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிட்டு, “தந்தி பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் இருக்கிறதே, யாருக்கும் வராது” என்றார். ஸ்டீல் தந்தி கிட்டாரில் பன்னிரண்டாவது மெட்டுக்கு மேல் தந்தியின் உயரம் 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது. அதைச் சரிசெய்யும் வேலைதான் கிட்டாரின் முதல் மறைமுகச் செலவு. இரண்டாவது, தந்திகள்: வியர்வை பட்டுத் துருப்பிடிக்கும், ஒலி மங்கும், சில மாதத்துக்கு ஒருமுறை முழு செட்டையும் மாற்ற வேண்டும்.

பாடுபவர்களுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது. நான்கைந்து கார்டு கைவந்தால் நூற்றுக்கணக்கான பாட்டுக்குக் கூடவே போகலாம். சுருதி மாற்ற வேண்டுமா, கேப்போ என்ற கவ்வியை மெட்டில் மாட்டினால் போதும். (அதுவும் ஒருவகை ட்ரான்ஸ்போஸ் பொத்தான்தான், ஆனால் எந்தக் கிட்டாரிலும் மாட்டலாம்.) வலது கை ஓயாமல் மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பதால் தாளம் தன்னாலே உடம்பில் ஏறும்.

கமகம்? தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஸ்வரம் ஏறும், வீணையில் செய்வதும் இதுதான். ஆனால் சாதாரணக் கிட்டாரில் அதிக தூரம் இழுக்க முடியாது. ஜான் மெக்லாஃப்லின் என்ற ஜாஸ் கலைஞர், இந்திய இசையோடு கலந்து வாசித்த சக்தி குழுவில் வாசித்த கிட்டாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குழிவாகக் குடைந்திருந்தார்கள், விரல் தந்தியைத் தாராளமாக அசைப்பதற்காக. கர்நாடக இசையை மின்கிட்டாரில் வாசிக்கும் பிரசன்னா போன்றவர்களும் இருக்கிறார்கள். வழி இருக்கிறது, ஆனால் கற்றுத்தருபவர் கிடைப்பது அரிது.

## வயலின்

நான்கு தந்திகள், மெட்டுகள் கிடையாது, குறிகள் கிடையாது. மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, ஈ. கர்நாடக முறையில் ஸ, ப, ஸ, ப. தந்தி தொடங்கும் பகுதியில் ஓர் அரை ஸ்வரத்துக்கு இடம் 18 மில்லிமீட்டர் சுமார். விரல் 2 மில்லிமீட்டர் தள்ளிப்போனால் பத்துப் பங்குக்கு மேல் சுருதி விலகுகிறது. பக்கத்தில் இருப்பவர் முகம் சுளிக்க அது போதும். மேலே போகப் போக இந்த இடைவெளி இன்னும் குறுகும்.

வலது கை தனிக் கதை. வில், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் நழுவினால் கண்ணாடியைக் கீறுவது போல் கீச்சிடும். விரல் பலகைப் பக்கம் போனால் ஸ்வரம் காற்றாகிவிடும். அழுத்தம் கூடினால் கதவு கீல் சத்தம். முதல் மூன்று மாதம் நான் வாசித்தது பெரும்பாலும் வெறும் தந்தியில் நீண்ட வில்தான். ஒருநாள் வில்லின் அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமனாக ஒரு ‘ஸ’ வந்தது. அவ்வளவுதான் நடந்தது, அன்று வேறு எதுவும் வாசிக்கவில்லை.

இவ்வளவு பாடுபட்டால் என்ன கிடைக்கிறது? குரல் போகும் இடமெல்லாம் வயலின் போகும். ஐரோப்பாவில் பிறந்த இந்த வாத்தியத்தைக் கர்நாடக இசை இவ்வளவு எளிதாக ஏற்றுக்கொண்டதற்குக் காரணமே அதுதான். முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதரும், தஞ்சை நால்வர் என்ற சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அதை இங்கே கொண்டுவந்தார்கள். இன்று அது இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரியை நினைப்பதே கடினம்.

ஒரு முடிவு மட்டும் ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டும். கர்நாடக முறையில் தரையில் உட்கார்ந்து, வயலினின் தலைப்பகுதியைக் கால்மேல் ஊன்றுவார்கள். இடது கைக்குச் சுமை இல்லாததால் விரல் தந்திமேல் நீளமாக வழுக்கலாம். மேற்கத்திய முறையில் தாடைக்கும் தோளுக்கும் நடுவே பிடிப்பது. ஒன்றில் இரண்டு வருடம் பழகிவிட்டு மற்றதற்கு மாறினால் இரண்டு கைகளையும் புதிதாகப் பழக்க வேண்டியிருக்கும்.

செலவுகள்: வில்லின் குதிரைமுடி தேயும், மாற்ற வேண்டும். வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டி, தந்திகள். குழந்தைக்கு வாங்கினால் கால், அரை, முக்கால், முழு என்று வளர வளர அளவு மாறும்; வாடகைக்கு எடுப்பதோ பழையது வாங்குவதோ புத்திசாலித்தனம். எல்லாவற்றுக்கும் மேலே ஆசிரியர். கீபோர்டைக் காணொளி பார்த்து ஓரளவு கற்கலாம். வயலினில் உங்கள் மணிக்கட்டு வளைந்திருப்பதைக் காணொளி சொல்லாது.

நாற்பது வயது ஒரு தடையா? கச்சேரி மேடை இலக்கு என்றால் தடைதான். ராகத்தை ராகமாக வாசித்துப் பார்க்க வேண்டும் என்றால் தடை இல்லை, பொறுமை மட்டும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

## புல்லாங்குழல்

“சுலபமாகத்தான் இருக்கும்” என்றவரே, முதல் வாரம் சத்தமே வராமல் போகலாம். உதட்டைக் குவித்து, காற்றை மெல்லிய பட்டையாக்கி, துளையின் எதிர் விளிம்பில் மோதவிட வேண்டும். கோணம் கொஞ்சம் தப்பினாலும் வெறும் ‘ஃபூ’. வேகமாக ஊதி ஊதித் தலை சுற்றும். உடனே நிறுத்திவிட வேண்டும். என் தம்பி ஐந்தாவது நாள் ஒரு ஸ்வரம் பிடித்தான், ஆறாவது நாள் அதைத் தொலைத்தான்.

ஸ்வரம் நின்றுவிட்டால் பிறகு வேகமாக நகரலாம். கர்நாடகக் குழலில் ஊதும் துளை தவிர எட்டு விரல் துளைகள், இந்துஸ்தானிக் குழலான பான்சுரியில் ஆறு அல்லது ஏழு. துளைகள் சுருதியின் பாதியைப் பிடித்துத் தருகின்றன. மீதிப் பாதி உதட்டிலும், துளையைப் பாதி மூடும் விரல் சதையிலும் இருக்கிறது. அங்கேதான் கமகம் பிறக்கிறது. மாலி என்ற டி.ஆர். மகாலிங்கம் குழலில் காட்டிய கமகங்களைக் கேட்டால், மூங்கிலில் முடியாதது எது என்ற சந்தேகமே வரும்.

மறைமுகச் செலவு, ஒரு குழலுக்கு ஒரு சுருதி. பாடுபவர் சுருதி மாறினால் குழலும் மாற வேண்டும், அதனால்தான் வாசிப்பவர்கள் பை நிறையக் குழல் வைத்திருக்கிறார்கள். தாழ்ந்த சுருதி என்றால் நீளமான குழல், துளைகளுக்கு நடுவே தூரம் அதிகம், சிறுவர் விரல் எட்டாது. குளிர்ந்த குழலில் சுருதி சற்று இறங்கியிருக்கும், ஊதிச் சூடேறியதும் ஏறும். மூங்கில் காய்ந்தால் வெடிக்கும், அவ்வப்போது எண்ணெய் பூச வேண்டும். ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்கலாம்.

கையில் எடுத்துக்கொண்டு எங்கேயும் போகலாம் என்பது சின்ன லாபமாகத் தெரியும். வெளியூர் போனாலும் தம்பிக்குப் பயிற்சி விட்டுப்போனதில்லை. என் கீபோர்டு அறையைவிட்டு நகர்ந்ததே இல்லை.

## தாளம்தான் இழுக்கிறது என்றால்

மேலே உள்ள நான்கையும் மறந்துவிடுங்கள். பாட்டு கேட்கும்போது உங்கள் விரல் மேசையில்தான் ஓடுகிறது என்றால் மிருதங்கமோ தபலாவோ டிரம்ஸோதான் உங்கள் இடம். டிரம்ஸுக்குச் சத்தமில்லாத பயிற்சிப் பலகை உண்டு. மிருதங்கத்தைப் பாடகரின் சுருதிக்குச் சேர்க்க வேண்டும், தோல் தேய்ந்தால் மாற்ற வேண்டும். “தாள வாத்தியத்துக்குச் சுருதி எதற்கு” என்று நினைத்து வாங்குபவர்கள் இங்கே திடுக்கிடுவார்கள்.

## சரி, யாருக்கு எது

பாட்டுக்குக் கார்டு போட வேண்டும், இசையமைத்துப் பார்க்க வேண்டும், வீட்டில் சத்தம் கூடாது: கீபோர்டு. ஏழெட்டு வயதுக் குழந்தைக்கு எது பிடிக்கும் என்றே தெரியவில்லை என்றாலும் அதுதான், வீணாகப் போகாது.

நீங்களே பாடுவீர்கள், நண்பர்களோடு உட்கார்ந்து வாசிக்க ஆசை: கிட்டார். ஆனால் ராகம்தான் உயிர் என்றால் இதை இரண்டாவது வாத்தியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கர்நாடக இசையில் காது ஊறியவர், நல்ல ஆசிரியர் பக்கத்தில் இருக்கிறார், ஆறு மாதம் யார் பாராட்டும் தேவையில்லை: வயலின். ஆசிரியர் இல்லை என்றால் வேண்டாம்.

அதே காது, ஆனால் அடிக்கடி பயணம்: புல்லாங்குழல்.

சுருதியைப் பிடித்துத் தரும் வாத்தியத்துக்கும் நீங்களே பிடிக்க வேண்டிய வாத்தியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கட்சி கீபோர்டு அல்ல, குரல். மூன்று மாதம் தம்பூரா செயலியைப் போட்டுக்கொண்டு ஆரம்பப் பாடமான ஸரளி வரிசை பாடுங்கள். சுருதி விலகுவது உங்கள் காதுக்கே தெரிய ஆரம்பித்தால் வயலினும் குழலும் பாதி வழிக்கு வந்துவிட்டன. தெரியவே இல்லையென்றால் கட்டைகளும் மெட்டுகளும் இருக்கும் பக்கம் போவது நிம்மதி.

## வாங்கும்போது கையில் எடுத்துப் பார்க்க

கீபோர்டில் ஒரே கட்டையை மெதுவாக, ஓங்கி, இரண்டு விதமாகவும் அழுத்துங்கள். ஒலி மாற வேண்டும். பத்து விரலையும் ஒன்றாக வைத்தால் எதுவும் விட்டுப்போகக் கூடாது.

கிட்டாரில் வெறும் தந்தியை மீட்டிவிட்டு, அதே தந்தியைப் பன்னிரண்டாவது மெட்டில் அழுத்தி மீட்டுங்கள். துல்லியமாக ஒரு ஸ்தாயி மேலே கேட்க வேண்டும். விலகினால் மேலே போகப் போக எல்லாக் கார்டும் விலகும்.

வயலினில் முறுக்காணியைத் திருப்பிவிட்டுக் கையை எடுங்கள். நழுவித் திரும்பினால் தினமும் சுருதி சேர்ப்பதிலேயே பயிற்சி நேரம் போய்விடும். வில்லின் முடியைத் தளர்த்தி, கம்பு பக்கவாட்டில் கோணியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

புல்லாங்குழலை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, டியூனரைத் திறந்துவைத்து, கீழ் ஸ்தாயி ‘ஸ’வும் மேல் ஸ்தாயி ‘ஸ’வும் ஊதச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே முள்ளில் நிற்க வேண்டும். மேலே உள்ளது மட்டும் விலகி நின்றால், அந்தக் குழல் எவ்வளவு அழகாக நூல் சுற்றியிருந்தாலும் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.